ரெசின் இறுகும் நேரம்

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை ஊற்றியாகிவிட்டது. இரண்டு மூடி, அதற்குமேல் ஒரு அரை மூடி. இனி இருபது நிமிடம் என்று கஸ்பார் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். சொன்ன கையோடு, இந்த வெயிலில் இருபது ஏது, பதினைந்து என்று வைத்துக்கொள் என்று தானே திருத்தியும் கொண்டான். வாய் வெட்டிய கேனுக்குள் குச்சியை விட்டுக் கிண்டினான். கத்தரிப்பூ நிறத்தில் இருந்த ரெசின் சுற்றுக்குச் சுற்று நிறம் மாறி, பால் விடாத காப்பியின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. இந்த நிறம் வந்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் நிற்காது. தேனாக இருப்பது கூழாகும், கூழ் நுங்காகும், அப்புறம் கேன் சுடும், அப்புறம் கல். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. கடிகாரம் பார்க்காமலே அவன் கை நேரத்தைச் சொல்லும். குச்சி கனக்கிற கனத்தில் தெரியும். இப்போது குச்சி லேசாகத்தான் இருந்தது. நேரம் இருக்கிறது. மயினி அண்ணனைக் கூட்டிக்கொண்டு வர நேரம் இருக்கிறது. "நீ கலக்கி வை கஸ்பாரு, ரெண்டு எட்டுல ஒங்க அண்ணனக் கூட்டிட்டு வாரேன். அவரு கை தொட்டுத்தான் படத்த வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் மனைவி மெற்றில்டா மயினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் போனாள். அவள் வைத்துவிட்டுப் போன படம் பலகைமேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டைக்குள் கிடந்தது. கஸ்பார் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக வள்ளத்தைப் பார்த்தான்.

அண்ணன் இஞ்ஞாசியின் வள்ளம். முப்பத்திரண்டு அடி, பிளைவுட். பனந்தடிகள்மேல் ஏறி, மூக்கைக் கொட்டகைக்குள் நீட்டி, உடம்பை வெயிலில் விட்டு நின்றது. மூக்கு என்பது அவன் மனதுக்குள் வைத்திருக்கும் பேர். கரையில் அதற்கு அணியம் என்று பேர். இரண்டு பக்கத்துப் பலகையும் வந்து ஒன்றோடொன்று சேருகிற இடம். அலையை முதலில் வாங்குவதும் அதுதான். வெறும் பலகை மூட்டு ஒரு மாதம் தாங்காது. அதற்காகத்தான் மேட் போடுவது. கண்ணாடியை நூலாக இழுத்து, நூலைத் துண்டு துண்டாக வெட்டி, பாய்போல அமுக்கி வைத்த வெள்ளைச் சமாச்சாரம். கையில் எடுத்தால் பழைய மெத்தைப் பஞ்சுபோல உதிரும், உதிர்ந்தது தோலுக்குள் ஏறி மூன்று நாள் அரிக்கும். அதை மூட்டின்மேல் விரித்து, ரெசினைக் குடிக்க வைத்து, உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்றிக் காயவிட்டால் இரும்பு. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட். கீழே இருப்பது எது, மேலே இருப்பது எது என்று கேட்க முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய மேட் தோலைக் கிரைண்டரால் முழுதும் உரித்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நாலு நாள் வெயிலில் காயவிட்டு, முதல் மேட்டை நேற்றுப் போட்டான். இன்று காலையில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தபோது கல்லைத் தட்டுகிற சத்தம் வந்தது. நல்ல சத்தம். உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தும் விட்டான். இனி இரண்டாவது மேட். இரண்டுக்கும் நடுவில் மாதா படம். மூன்று வருடமாக இந்தக் கரையில் அதுதான் வழக்கம். வழக்கம் என்றால் பழைய காலத்து ஆட்கள் யாரும் வைத்ததில்லை. மயினி சொன்னது; இவன் கை செய்தது.

முதல் படம் வைத்த அன்றைக்கு வள்ளம் புதுசு. அண்ணன் புதுச் சாரம் கட்டி, எங்கே நிற்பது என்று தெரியாமல் வள்ளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். பெண்கள் ஏழெட்டுப் பேர் மணலில் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மயினி படத்தை எடுத்து நீட்டினாள். உள்ளங்கை அகலம், நீல அங்கி போட்ட மாதா. "வெளிப்பக்கமாப் பதிச்சிரு. மாதா கடலப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்" என்றாள். கையில் வாங்கியதுமே முனை குத்தியது. "என்ன மயினி இது, மொடமொடன்னு இருக்கு?" என்றான். "தாளா இருந்தா நனஞ்சு போவும்லா. அதான் டவுனுக்குப் போயி, மேல பிளாஸ்டிக் ஒட்டி வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பஸ் மாறிப் போனேன் பாத்துக்க" என்றாள். அவன் படத்தை முதல் மேட்டின்மேல் வைத்து, பிரஷ்ஷை ரெசினில் முக்கி, ஒரு தடவு தடவினான். அப்போதுதான் அதைப் பார்த்தான். ரெசின் படத்தின்மேல் நிற்கவில்லை. பிரஷ் போன வழியெல்லாம் விலகி ஓரத்துக்கு ஓடி, நடுவில் முத்து முத்தாகத் திரண்டது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் விட்ட மாதிரி. இன்னொரு தடவு தடவினான். இன்னும் சின்ன முத்துகள். தெரியாது என்று அவனால் சொல்ல முடியாது. ரெசின் ஒட்டாத எதையும் நடுவில் வைக்கக் கூடாது என்பது வேலைக்கு வந்த முதல் வாரத்துப் பாடம். அச்சில் வள்ளம் வார்க்கிறவர்கள், வார்த்தது அச்சோடு ஒட்டாமல் கழன்று வருவதற்கென்றே மெழுகு தேய்ப்பார்கள். அந்த மெழுகு செய்கிற வேலையை இந்தப் பிளாஸ்டிக் இரண்டு மேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து செய்யும். கைக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? ஜெபமாலை பாதியில் இருந்தது. குச்சி கனக்கத் தொடங்கியிருந்தது. மயினி இரண்டு பஸ் மாறிப் போயிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் காரணமே இல்லை. அந்த அரை நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு காரணம்போல இருந்தது. உள்ளங்கை அகலம்தானே, சுற்றிலும் பிடித்திருக்குமே என்று நினைத்து மேட்டை விரித்தான். உருளையை உருட்டினான். ரெசின் குடித்த மேட் வெள்ளை மறைந்து கண்ணாடியாக, உள்ளே மாதா நீலமாகத் தெரிந்தாள். பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருத்தி ஈர ரெசின் என்றும் பாராமல் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தினாள். "யம்மா, உள்ள எறங்கி உக்காந்துட்டா" என்றாள். அதற்குப் பிறகு எங்கே சொல்வது? அடுத்த மாதம் இரண்டாவது வள்ளம் வந்தது, கூடவே அதே கடையில் பிளாஸ்டிக் ஒட்டிய இரண்டாவது படம். இரண்டாவதுக்குப் பேசினால் முதலாவதுக்கு ஏன் பேசவில்லை என்று வரும். மூன்றாவதுக்குப் பேசினால் முதல் இரண்டுக்கும் ஏன் என்று வரும். அப்படியே எண்ணிக்கை ஏறியது. ஒவ்வொரு தடவையும் ரெசின் முத்து முத்தாக நின்றது. ஒவ்வொரு தடவையும் முத்துகளின்மேல் மேட்டை விரித்தான்.

குச்சியை ஒரு சுற்றுச் சுற்றினான். எண்ணெய்க் கனம். நேரம் இருக்கிறது. பிரஷ்ஷை எடுத்து இப்போதே முதல் பூச்சைப் பூசலாம். மேட் அளவுக்கு வெட்டிச் சுருட்டித் தயாராகத்தான் இருக்கிறது. அவன் பிரஷ்ஷை எடுக்கவில்லை. முழங்கை மடிப்பில் அரித்தது. சொறியக் கூடாது, சொறிந்தால் கண்ணாடித் தூள் உள்ளே போகும். உள்ளே போனது தானாக வெளியே வராது, முள்வாங்கியால் எடுக்க வேண்டும். முள்வாங்கி என்றதும் அண்ணனின் முதுகு ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்தான். கச்சான் காற்று. தூரத்தில் வெள்ளை வெள்ளையாக அலைத் தலைகள் உடைந்தன. அன்றைக்கும் கச்சான்தான். பத்து நாள் ஆகிறது. கரையிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில், விடிந்த பிறகு, வலையை இழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போது அணியத்தில் 'பொத்'தென்று சத்தம் கேட்டதாம். எட்டிப் பார்த்தால் வெளித்தோல் ஒரு முழத்துக்கு உரிந்து தொங்குகிறது. அடுத்த அலையில் இரண்டு முழம். தோல் போனதும் மூட்டு வாயைத் திறந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய் அதுவும் நின்றது. இரண்டு பேர் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்ற, அண்ணன் அணியத்துக்குள் இறங்கி, கால் இரண்டையும் குறுக்குக் கட்டையில் ஊன்றி, முதுகை மூட்டோடு வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தவன். சாயங்காலம் நாலு மணிக்கு வேறொரு வள்ளம் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வரும்வரை எழுந்திருக்கவில்லை. மூட்டுக்கு உள்பக்கமும் ஒரு மேட் பட்டை உண்டு. இதே கை போட்டதுதான். அது விரிந்து, நூல் நூலாகக் கிளம்பி, ஒவ்வொரு அலைக்கும் ஊசிகளாக அவன் முதுகில் இறங்கியிருக்கிறது.

கரையில் இறக்கும்போது ஊரே நின்றது. அண்ணனைச் சாரத்தால் போர்த்தி நடத்திக்கொண்டு போனார்கள். யாரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லோரும் அணியத்தைப் பார்த்தார்கள். தோல் உரிந்து, பலகை தெரிந்து, மூட்டு வாய் பிளந்து கிடந்த அந்த நாசத்துக்கு நடுவில் மாதா படம் மட்டும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோலப் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. மேலே ஒரு சொட்டு ரெசின் இல்லை. "எல்லாம் போச்சு, மாதா மட்டும் போவல" என்று யாரோ சொன்னார்கள். "மாதா நின்ன எடத்துல தண்ணி நின்னுட்டு" என்று இன்னொரு குரல். மயினி ஈர மணலில் அப்படியே முழங்காலில் விழுந்தாள். கஸ்பார் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், படத்தின் ஓரத்தை விரலால் தொட்டான். அந்தப் பளபளப்பு எதனுடையது என்று அந்தக் கரையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதன்மேல் எதுவும் ஒட்டவில்லை. அதனால்தான் பளபளக்கிறது. தோல் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கிறது. மூன்று வருடத்து அலை அந்த உள்ளங்கை அகலத்துக்குள் நகத்தை விட்டு விட்டு, கடைசியில் முழுதும் பிய்த்திருக்கிறது. வாயைத் திறந்தான். மயினியின் அழுகைக்கு மேலே தன் குரல் எப்படிக் கேட்கும் என்று ஒரு நொடி யோசித்தான். அந்த ஒரு நொடியில் பெண்கள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் அவனே உளியால் படத்தைப் பெயர்த்துக் கொடுத்தான். நெம்பவே வேண்டியிருக்கவில்லை. அது இப்போது மயினி வீட்டில், மெழுகுதிரிகளுக்கு நடுவில். பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். அண்ணன் உள்ளறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடம், "மாதாதான் தாங்குனா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பலகைக்குக் கீழே, மேட் துணுக்குகளுக்கு அடியில், இரண்டு சில்லுகள் இருக்கின்றன. நேற்று, முதல் மேட் காய்வதற்குள் அவன் செய்து பார்த்தவை. இரண்டும் சாண் நீளம், இரண்டு விரல் அகலம். ஒன்றில் மேட்டுக்கு நடுவில் ஒன்றுமில்லை. அடுத்ததில், பிளாஸ்டிக் ஒட்டிய ஒரு பழைய அட்டைத் துண்டு. காய்ந்ததும் இரண்டையும் முழங்காலில் வைத்து வளைத்தான். ஒன்று வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிர்ந்தது. மற்றது ஓரத்தில் 'டப்'பென்று லேசாக வாயைத் திறந்தது. சந்தேகத்துக்காகச் செய்து பார்த்தான் என்று சொல்ல முடியாது. சந்தேகம் எப்போதும் இருந்ததில்லை. சந்தேகம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டுச் செய்து பார்த்தான். அப்புறம் காலண்டரிலிருந்து ஒரு மாதா படத்தைக் கத்தரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வெறும் தாள். தாள் ரெசினைக் குடிக்கும்; குடித்து மேட்டோடு மேட்டாகிவிடும்; ஒரு கெடுதியும் இல்லை. மயினியிடம், "இந்த நெறம் வெயில்ல மங்கிரும், இதான் நிக்கும்" என்று ஏதாவது சொல்லி, கைக்குட்டையில் இருப்பதை எடுத்து வைத்துவிட்டு இதைப் பதித்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். அண்ணன் வள்ளம் தப்பித்துவிடும். இரவு முழுக்க அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. காலையில் கொட்டகைக்கு வரும்போது கரையில் வள்ளங்கள் இல்லாத இடம் கண்ணில் பட்டது. இறங்கிப் போன வள்ளங்களின் தடம் மட்டும் மணலில். அண்ணன் வள்ளம் நீங்கலாக, அவன் படம் பதித்தவை பதினொன்று.

"என்னவே கஸ்பாரு, ரெசினக் கலக்கி வச்சிட்டுத் தியானம் பண்ணுதீரு?"

பெர்க்மான்ஸ். அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். திருக்கை முள் குத்தி ஒரு மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு, கரையில் நடக்கிற எல்லா வேலையையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு திரிகிறவர்.

"மயினி வரட்டும்னு பாக்கேன் அண்ணே."

"வரட்டும் வரட்டும். ஏம்வே, இந்தப் படம் அத விடப் பெருசாமே? எங்க வள்ளத்துலயும் பெருசா ஒண்ணு மாத்தணும்னு வீட்டுல ஒத்தக் கால்ல நிக்கா. ஒத்தக் கால்ல நிக்கிறது நான்லாடி, நீ ஒழுங்கா நில்லுன்னேன்." தானே சிரித்துக்கொண்டார்.

"ஒங்க வள்ளம் போயிருக்கா?"

"போவாம? மருமவன் போயிருக்கான். காத்து இருக்குன்னு விடியுமுன்ன நாலு வள்ளம் பாதியில திரும்பிட்டு. படம் இல்லாத வள்ளம். நம்ம ஆளு திரும்பல. போன் அடிச்சுக் கேட்டேன், என்னடே எப்படி இருக்குன்னு. 'மாமா, நமக்கென்ன, முன்னால ஆளு உக்காந்துருக்கு'ங்கான்."

கஸ்பாரின் கை குச்சியோடு நின்றுவிட்டது. அதை அவன் எண்ணியிருக்கவில்லை. இத்தனை நாளும் தோல் உரிவதை மட்டும் கணக்கில் வைத்திருந்தான். படம் இருக்கிற தைரியத்தில், திரும்ப வேண்டிய காற்றில் திரும்பாமல் போவார்கள் என்பது அவன் கணக்கில் இல்லை.

"அண்ணே, வள்ளம் வந்ததும் சொல்லுங்க. அணியத்த ஒருக்காத் தட்டிப் பாக்கணும்."

"என்னத்துக்கு?"

"சும்மாத்தான்."

"சும்மா தட்டுறதுக்கு அது என்ன தேங்காயாவே? நல்லாத்தான் கெடக்கு. நீரு கையில இருக்குற வேலையப் பாரும்." காலை இழுத்துக்கொண்டு அவர் ஐஸ் பெட்டிகள் இருந்த பக்கம் போனார். போகிற போக்கில் வள்ளத்தின் அணியத்தை, முதல் மேட்டின்மேல், தொட்டு முத்திக்கொண்டார். அங்கே இன்னும் படம் இல்லை.

குச்சி இப்போது கூழில் நிற்பதுபோல நின்றது. இன்னும் நேரம் இருக்கிறது; வேகமாகச் செய்தால் முடியும். பிரஷ், மேட், உருளை. சட்டைப் பையில் தாள் உடம்பு வேர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. பதினொன்று எவை எவை என்று வரிசையாக நினைக்கப் பார்த்தான். பெர்க்மான்ஸ் வள்ளம். மாதா கோயிலை ஒட்டிய வீட்டு அண்ணன் தம்பி மூன்று பேரின் வள்ளம். பச்சை வள்ளம். அந்த விதவைப் பெண்ணின் வள்ளம். அதை ஓட்டுகிறவன் அவள் தம்பி, நீச்சல் சரியாக வராதவன், கடற்கரையில் பிறந்து நீச்சல் வராதவன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். நீச்சல் வராதவனின் வள்ளத்தில் படம் கொஞ்சம் பெரிசு. அக்காக்காரி கேட்டு வாங்கியது. அந்தப் படத்தில் ரெசின் எப்படி நின்றது? முத்து முத்தாக. அதற்கடுத்து யார்? ஆறு வரை வந்து, மறுபடி பெர்க்மான்ஸில் போய் நின்றான். மறுபடி எண்ணினான். இந்தத் தடவை ஒன்பது வந்தது. விட்டுப்போன இரண்டும் எவை என்று தெரியாமல் போனது அவனைப் பயமுறுத்தியது. மறந்துபோன இரண்டில்தான் இந்நேரம் 'பொத்'தென்று சத்தம் கேட்டிருக்கும் என்று தோன்றியது. அங்கேயும் ஒருத்தன் அணியத்துக்குள் இறங்கி முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பான். அவன் முதுகு அண்ணன் முதுகு மாதிரி அகலமாக இருக்குமா? நீச்சல் வராத அந்தப் பயலுக்கு முதுகே கிடையாது, இரண்டு எலும்பு. அண்ணனைப் பார்க்கப் போன அன்று மயினி விளக்கைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். முள்வாங்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தாள். தட்டில் கிடந்தவை வெளிச்சத்தில் மின்னின. அவன் கைவேலை மின்னியது. "ஒனக்கு அரிக்கிற மாதிரி இது ஒங்க அண்ணனுக்கு அரிக்கி" என்று மயினி சிரிக்கப் பார்த்தாள். அண்ணன் தலையணைக்குள்ளிருந்து, "அவன் என்ன செய்வான் பாவம், கடலு அடிச்ச அடி அப்படி" என்றான். அந்தப் பாவம் என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கஸ்பார் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போதும் அப்படித்தான் நிற்கிறான். பிரஷ், மேட், உருளை. இந்த ஒன்றுக்குத் தாளை வைத்து மூடிவிட்டால், வருகிறவர்கள் பார்ப்பார்கள். புதுப் படம் வைத்த வள்ளம் என்பார்கள். பதின்மூன்றாவது ஆள் டவுனுக்குப் பஸ் ஏறுவான். தாளை வைத்தாலும் அது பொய்க்கு மேல் போடுகிற இரண்டாவது மேட்தான். குச்சியை இழுத்தான். குச்சியோடு மொத்த ரெசினும் நுங்குபோல ஆடிக்கொண்டு மேலே வந்தது. விட்டான். கேனைத் தொட்டான். சுட்டது.

மயினி தனியாகத்தான் வந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

"அண்ணன் வரலியா மயினி?"

"மேல சட்ட போட முடியல. வெறும் மேலோட கரைக்கு வர வெக்கமாம். கஸ்பாரே வைக்கட்டும்னுட்டாரு." கேனைப் பார்த்ததும் நின்றாள். "என்ன, பொகையுது?"

"எறுகிட்டு."

"நான் நேரத்தோடதான வந்தேன்?"

"நீங்க நேரத்தோடதான் வந்தீங்க." அவன் குனிந்து பலகைக்குக் கீழிருந்து இரண்டு சில்லுகளையும் எடுத்தான். ஒன்றை நீட்டினான். "இத வளச்சுப் பாருங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கினாள். வலை இழுத்த கை. வளைத்தாள், அது வளைந்து நிமிர்ந்தது. "இதுக்கென்ன?" என்றாள். அடுத்ததைக் கொடுத்தான். வளைத்தாள். 'டப்'பென்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே பிளாஸ்டிக் அட்டை, ஒரு கீறல் இல்லாமல், பளபளவென்று.

மயினி அதை வெயிலுக்கு நேராகத் திருப்பினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பளபளப்பைப் பத்து நாளாக மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள்.

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தெரியும். ரெசின் அதுமேல நிக்கல. முத்து முத்தா ஓடுச்சு. பாத்தேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பஸ் மாறிப் போயிருந்தீங்க."

மூன்று வருடம் உள்ளே கிடந்த காரணம் வெளியே வந்ததும் இவ்வளவுதான் இருந்தது. அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"எனக்கு இன்னொரு நாளு பஸ் ஏறத் தெரியாதா?" என்றாள் மயினி.

ஐஸ் பெட்டிகளின் பக்கம் பெர்க்மான்ஸ் யாரையோ சத்தம் போடுவது கேட்டது. அவள் பிளந்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வள்ளத்தின் அணியத்தையே பார்த்தாள்.

"அப்பம், அன்னைக்குத் தண்ணிய நிப்பாட்டுனது யாரு?"

"அண்ணன் முதுகு, மயினி."

அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது. அண்ணன் முதுகில் தடவிவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். "எண்ணிக்கிட்டுத்தான் எடுக்கேன். எழுபத்துமூணு எடுத்திருக்கேன். இன்னும் இருக்கு" என்றாள். விரல்களை மடக்கிக்கொண்டு, "அவரு ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். அது அவனிடம் சொன்னது இல்லை. பிறகு பலகையில் கிடந்த கைக்குட்டையை எடுத்தாள். படத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. கைக்குட்டையோடு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தாள்ல ஒண்ணு வச்சிருக்கேன் மயினி. தாள்னா ஒண்ணும் செய்யாது."

"பொறவு பாப்போம். மாதாவ நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். பிளாஸ்டிக்கு ஒட்டுனது நானு, பேசாம இருந்தது நீ." முந்தானையை இழுத்துச் செருகினாள். "எத்தன வள்ளத்துல வச்சிருக்க?"

"பதினொண்ணு."

"எல்லாம் போயிருக்கா?"

"எல்லாம்."

இருவரும் கடலைப் பார்த்தார்கள். வெள்ளை அலைத் தலைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறி இறங்கியது. கஸ்பார் கண்ணைச் சுருக்கினான். பெர்க்மான்ஸ் வள்ளம், எஞ்சின் சத்தத்திலேயே தெரியும். மயினி இரண்டு சில்லுகளையும் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். "நீ மட்டும் சொன்னா ஒன்ன அடிச்சே கொன்னுருவானுவ. நான் மட்டும் சொன்னா எனக்குக் கிறுக்குன்னுருவானுவ. வா" என்றாள். செருப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டாள். மணல் சுட்டிருக்கும். கஸ்பார் பின்னால் நடந்தான்.

கணுக்கால் தண்ணீரில் போய் நின்றார்கள். வள்ளம் நெருங்கியது. எஞ்சின் பிடித்திருந்தவன் மயினியைப் பார்த்துவிட்டான். மாதா வீட்டு அம்மா தங்களுக்காக வந்து நிற்கிறாள் என்று நினைத்திருப்பான். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். மயினி கையைத் தூக்கவில்லை. அணியத்தில், கண்ணாடித் தோலுக்கு உள்ளே, நீலமாக ஒரு புள்ளி. அலைக்குமேல் ஏறியும் அலைக்குள் முங்கியும் அது அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. முதலாவது என்று கஸ்பார் எண்ணினான்.